பிறழ்சாட்சியமும் சூழ்நிலைச் சான்றும்: கோகுல்ராஜ் கொலை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் மாதம் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொலை செய்யப்பட்ட வழக்கில், முதன்மைச் சாட்சி நீதிமன்றத்தில் தம் முந்தைய கூற்றிலிருந்து பிறழ்ந்தார். ஆயினும் விசாரணை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது; மேல்முறையீட்டிலும் முதன்மை எதிரியின் தண்டனை உறுதியானது. வாய்மொழிச் சாட்சியம் விலகிய இடத்தில் சூழ்நிலைச் சான்றும் மின்னணுப் பதிவும் எவ்வாறு வழக்கைத் தாங்கின என்பதை இக்கட்டுரை குற்றவியல் சட்ட நோக்கில் ஆராய்கிறது. சாட்சி பிறழ்வதைத் தனியொருவரின் குறையாக மட்டும் கொள்ளாமல், சாதியக் குற்றத்தின் தொடர்விளைவாகக் கொண்டு சட்டம் அணுகவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பிறழ்சாட்சி, சூழ்நிலைச் சான்று, மின்னணுப் பதிவு, உள்ளாய்வு, சாட்சிப் பாதுகாப்பு, கரி.

முன்னுரை

சாட்சி என்னும் வடசொல் கண்ணால் கண்டவர் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. இப்பொருளில் பழந்தமிழில் வழங்கிய சொல் ‘கரி’. திருக்குறளிலும் இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. சிலப்பதிகாரத்தில் பூதசதுக்கத்துப் பூதம் புடைத்துண்ணும் குற்றவாளிகளின் வரிசையில் பொய்க்கரியாளரும் இடம்பெறுகின்றனர். அதே காப்பியத்தின் வழக்குரை காதையில் கண்ணகியின் பக்கம் நின்று பேசக் கரி எவரும் இல்லை. சிலம்பினுள் இருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் என்பதே வழக்கை முடித்துவைக்கிறது. மனிதர் சொல்லும் கூற்று, பொருள் தரும் சான்று என்னும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்கும் பார்வை தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதை இவ்விடங்கள் காட்டுகின்றன.

இக்காலக் குற்றவியல் நீதியிலும் இவ்வேறுபாடு முதன்மையானது. கண்டவர் அஞ்சியோ வற்புறுத்தப்பட்டோ வாய் மூடும்போது நீதிமன்றம் எதைக் கொண்டு உண்மையை நிறுவும்? சேலம், நாமக்கல் சமவெளியில் நிகழ்ந்த கோகுல்ராஜ் கொலை வழக்கு இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியது. நாமக்கல் 1997 ஜனவரி முதல் தனி மாவட்டமாக இயங்குவதற்கு முன்னர்ச் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கல்வியாலும் தொழிலாலும் போக்குவரத்தாலும் ஒன்றாய் இணைந்துள்ள இந்நிலப்பரப்பில், ஓமலூர் இளைஞர் ஒருவர் திருச்செங்கோட்டுக் கல்லூரியில் பயில்வதும் அங்கே நட்புக் கொள்வதும் இயல்பு. அவ்வியல்பான வாழ்வினுள் சாதி குறுக்கிட்டதே வழக்கின் தோற்றுவாய்.

1. வழக்கின் வரலாறு

பட்டியல் சாதியைச் சேர்ந்த கோகுல்ராஜ், தம்முடன் பயின்ற, வேறு சமூகத்தைச் சேர்ந்த தோழியை 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் சந்தித்தார். அதன்பின் அவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை எனத் தோன்றும் வகையில் கடிதம் ஒன்றும் கிடைத்தது. ஐயத்திற்குரிய மரணமாகத் தொடங்கிய வழக்கு, உடற்கூறாய்வைத் தொடர்ந்து கொலை வழக்காக மாற்றப்பட்டது.

தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை என்னும் அமைப்பின் தலைவர் யுவராஜ் முதன்மை எதிரியாகச் சேர்க்கப்பட்டார். தலைமறைவாக இருந்த காலத்தில் அவர் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். 2015 அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார். இதற்கிடையில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது. நாமக்கல் முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, அங்கு நியாயமான விசாரணை நடைபெறாது என்னும் அச்சத்தை முன்வைத்து இறந்தவரின் தாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். அதன் பயனாக 2019இல் வழக்கு மதுரையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரில் இருவர் தீர்ப்புக்கு உட்படவில்லை. எஞ்சிய பதினைவருள் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனவும் ஐவரை விடுதலைக்குரியோர் எனவும் 2022 மார்ச் 5 அன்று சிறப்பு நீதிமன்றம் தீர்மானித்தது. மார்ச் 8 அன்று யுவராஜுக்கு மூன்று ஆயுள் தண்டனைகள், இறுதி மூச்சு வரை சிறையில் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் விதிக்கப்பட்டன. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் அடங்கிய அமர்வு 2023 ஜூன் 2 அன்று மேல்முறையீடுகளில் தீர்ப்பளித்தது. யுவராஜ் உள்ளிட்ட எண்மரின் ஆயுள் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. இருவரின் தண்டனை குறைக்கப்பட்டது. ஐவரின் விடுதலையில் நீதிமன்றம் தலையிடவில்லை.

2. ஒரே கூற்றின் மூன்று நிலைகள்

கோகுல்ராஜுடன் கோயிலில் இருந்த தோழியே கடத்தலுக்கு நேரடிச் சாட்சி. புலனாய்வின்போது நீதித்துறை நடுவர் முன் அவர் வாக்குமூலம் அளித்திருந்தார். விசாரணை நீதிமன்றத்தில் அதனின்றும் மாறுபட்டார். இம்மாற்றத்தின் விளைவை அறிய, ஒருவர் கூறும் செய்தி எந்த இடத்தில் கூறப்படுகிறதோ அதற்கேற்பச் சட்டத்தில் அதன் மதிப்பு மாறுவதை முதலில் நோக்கவேண்டும்.

முதலாவது, காவல்துறையினரிடம் கூறுவது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இன் பிரிவு 161 இதற்குரியதாக இருந்தது. இக்கூற்றில் சாட்சியின் கையொப்பம் பெறுவதில்லை. அரசுத் தரப்புச் சாட்சி நீதிமன்றத்தில் மாறிப் பேசினால் அம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவதற்கே இது பயன்படும். இரண்டாவது, பிரிவு 164இன்கீழ் நடுவர் முன் கூறுவது. சாட்சியின் இவ்வாக்குமூலம் ஆணையுறுதியின்பேரில் பதிவுசெய்யப்படுகிறது. சாட்சியின் பிந்தைய கூற்றுக்கு வலுச்சேர்க்கவோ அதனை முரண்படுத்தவோ இது பயன்படும். ஆயினும் பொதுவிதியாக இதுவும் அடிப்படைச் சான்று ஆகாது. மூன்றாவது, நீதிமன்றத்தில் எதிரியின் முன்னிலையில், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுக் கூறுவது. இதுவே முழுமையான சாட்சியம்.

இப்படிநிலைக்குக் காரணம் உண்டு. குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படாத கூற்றைக் கொண்டு ஒருவரைத் தண்டித்தல் நீதியன்று என்பதே அது. எனவே தோழி நடுவரிடம் கூறியதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘கடத்தல் நிரூபணமாயிற்று’ என நீதிமன்றம் முடிவுசெய்ய இயலாது. எதிரிகளுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு இது. இப்பாதுகாப்பைத் தளர்த்தாமலேயே உண்மையைக் காணவேண்டிய கடமை நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது.

3. ‘பிறழ்சாட்சி’ என்னும் சொல்லாட்சி

ஆங்கிலச் சட்ட வழக்கில் இத்தகைய சாட்சியை ‘ஹாஸ்டைல் விட்னஸ்’ என்பர். பகைமை கொண்ட சாட்சி என்பது அதன் நேர்ப்பொருள். இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இல் இச்சொல் இடம்பெறவில்லை. தன் சாட்சியிடமே குறுக்கு விசாரணையில் கேட்கத்தக்க வினாக்களைக் கேட்க ஒரு தரப்புக்கு நீதிமன்றம் அனுமதி அளிக்கலாம் என்று மட்டுமே அதன் பிரிவு 154 கூறுகிறது. 1976இன் சத்பால் எதிர் தில்லி நிர்வாகம் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளது. தமிழில் வழங்கும் ‘பிறழ்சாட்சி’ என்னும் சொல் பகைமையைக் குறிக்கவில்லை; நெறியிலிருந்து மாறியதை மட்டுமே குறிக்கிறது. மாறியதற்கான காரணம் பகையா, அச்சமா, உறவினரின் நெருக்கடியா என்னும் வினாவை இச்சொல் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வகையில் சட்டத்தின் உண்மை நிலைக்குத் தமிழ்ச் சொல்லே நெருக்கமானது.

இச்சொல்லாராய்ச்சிக்கு நடைமுறைப் பயனும் உண்டு. சாட்சி பிறழ்ந்துவிட்டால் அவர் கூறியது அனைத்தும் அழிந்துவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. 1991இன் குஜ்ஜி வழக்கில், பிறழ்ந்த சாட்சியின் சாட்சியம் முழுவதும் துடைத்தெறியப்படுவதில்லை எனவும், நம்பத்தக்க பகுதியைப் பிற சான்றுகளின் துணையோடு ஏற்கலாம் எனவும் உச்சநீதிமன்றம் கூறியது. பிறழ்வு என்பது சாட்சியத்தின் ஒரு நிலையேயன்றி வழக்கின் முடிவன்று.

4. சூழ்நிலைச் சான்றின் சங்கிலி

நேரடிச் சாட்சியம் வலுவிழந்தபோது வழக்கின் சுமை சூழ்நிலைச் சான்றுகளின்மேல் விழுந்தது. இவ்வகைச் சான்றை மதிப்பிடும் அளவுகோலை 1984இன் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்து நெறிகளாக வகுத்தது. சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் ஐயமற நிறுவப்படவேண்டும். அவை எதிரியின் குற்றத்தோடு மட்டுமே பொருந்தவேண்டும். உறுதியான தன்மை கொண்டிருக்கவேண்டும். குற்றமின்மைக்கு இடந்தரும் வேறெந்தக் கருதுகோளையும் விலக்கவேண்டும். இடைமுறிவற்ற சங்கிலியாக அமையவேண்டும் என்பன அவை.

கோகுல்ராஜ் வழக்கில் நான்காம் நெறி தனிச்சிறப்புடையது. இங்கே மாற்றுக் கருதுகோள் எதிர்த்தரப்பின் கற்பனையாக மட்டும் இருக்கவில்லை. நிகழ்விடத்திலேயே அது காணக்கிடந்தது. இருப்புப்பாதையில் உடல், உடனிருந்த கடிதம் ஆகியவை தற்கொலை என்னும் விளக்கத்தைத் தாமே முன்வைத்தன. எனவே எதிரிகளைக் குற்றத்தோடு இணைப்பது மட்டும் அரசுத் தரப்புக்குப் போதாது, அவ்விளக்கத்தையும் விலக்கவேண்டியிருந்தது. மரணம் கொலையே என்பதற்கான மருத்துவச் சான்று இக்காரணத்தால் சங்கிலியின் முதற்கண்ணி ஆயிற்று. அது அறுந்திருந்தால் கோயில் வாயிலில் எவர் நின்றார் என்னும் ஆராய்ச்சிக்கே பயன் இராது.

இரண்டாம் கண்ணி, இறந்தவர் இறுதியாக எவருடன் காணப்பட்டார் என்பது. இறுதியாக உடன் காணப்பட்டமைக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம் குறுகியதாக இருக்கும்போதே இக்கோட்பாடு வலுப்பெறும். 23ஆம் நாள் கோயிலில் காணப்பட்டவர் 24ஆம் நாள் இருப்புப்பாதையில் உடலாகக் கிடந்தார். இத்தகைய நிலையில் 2000ஆம் ஆண்டின் மீர் முகமது உமர் வழக்கு வழிகாட்டத்தக்கது. ஒருவரைக் கடத்தியமை நிறுவப்பட்டு, குறுகிய காலத்தில் அவர் கொலையுண்டமையும் நிறுவப்பட்டால், இடையில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கடத்தியவர்களே விளக்கவேண்டும். விளக்காவிடில் கொலையும் அவர்களாலேயே நிகழ்ந்தது என ஊகிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் அதில் கூறியது. சாட்சியச் சட்டப் பிரிவு 106, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை நிறுவும் சுமையை அவர்மேல் வைத்தது. ஆனால் அடிப்படைச் செய்திகளை அரசுத் தரப்பு நிறுவிய பின்னரே இச்சுமை எதிரிக்கு மாறும்.

மூன்றாவது, நிகழ்வுக்குப் பிந்தைய நடத்தை. தலைமறைவு ஆதல் சாட்சியச் சட்டப் பிரிவு 8இன்கீழ்ப் பொருத்தமுடைய செய்தியே. எனினும் குற்றமற்றவரும் அஞ்சி ஒளியலாம் ஆதலின், தனித்து நிற்கும்போது இது மெலிந்த கண்ணி. பிற கண்ணிகளோடு சேரும்போதே வலுவுடையது.

5. மின்னணுப் பதிவின் இடம்

கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு இவ்வழக்கின் மையச் சான்று. எவர் எப்போது வந்தார் என்பதைக் கூறும் அப்பதிவு, மனித நினைவைப்போல மங்குவதில்லை, வற்புறுத்தலுக்கு அஞ்சுவதுமில்லை. ஆனால் திருத்தப்படக்கூடியது. ஆகவே சட்டம் இதற்குத் தனி நிபந்தனைகளை விதிக்கிறது. சாட்சியச் சட்டப் பிரிவு 65ஆவின்கீழ், மூலக் கருவியிலிருந்து எடுக்கப்பட்ட படியை முன்வைப்பதற்கு, அக்கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரின் சான்றிதழ் தேவைப்பட்டது. 2014இன் அன்வர் எதிர் பஷீர் வழக்கு இதனைக் கட்டாயமாக்கியது. 2020இன் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கு அதனை உறுதிப்படுத்தியது. மூலக் கருவியே நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டு மெய்ப்பிக்கப்படுமாயின் சான்றிதழ் வேண்டியதில்லை என்பதையும் பின்னைய தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

இவ்விதிகள் வெறும் சடங்குகள் அல்ல. கேமராப் பதிவைக் கைப்பற்றிய நாள், அது எவர் பொறுப்பில் இருந்தது, எங்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது என்னும் தொடர்ச்சியில் ஒரு துளை ஏற்பட்டாலும் மையச் சான்று ஐயத்துக்கு இலக்காகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63, பதிவின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் குறிக்கவேண்டும் எனக் கோருகிறது. வாய்மொழிச் சாட்சியம் பிறழும் வாய்ப்புள்ள வழக்குகளில் புலனாய்வாளர் முதல் நாளிலேயே இக்கவனத்தைச் செலுத்தவேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

6. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் செயல்முனைப்பு

மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாக ஆவணங்களைக் கொண்டே முடிவு காணும். இவ்வழக்கில் மதுரை அமர்வு அவ்வெல்லையைக் கடந்து இரு செயல்களைச் செய்தது. முதலாவதாக, 2022 நவம்பர் இறுதியில் பிறழ்ந்த சாட்சியை மீண்டும் அழைத்துக் கேமராப் பதிவைக் காட்டி வினவியது. பதிவில் காணப்படும் பெண் தாமல்லர் என அவர் மறுத்தார். நீதிமன்றம் அவர்மீது தானாக முன்வந்து அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. இரண்டாவதாக, 2023 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு நேரில் சென்று இடத்தைப் பார்வையிட்டனர்.

மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் பெறக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 391 இடமளித்தது. நிகழ்விடத்தைப் பார்வையிடும் உள்ளாய்வைப் பிரிவு 310 அனுமதித்தது. உள்ளாய்வு சான்றைப் புதிதாகப் படைப்பதற்கன்று. பதிவிலுள்ள சான்றைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கே. வாயில்கள், படிகள், கேமராக்கள் நோக்கும் திசைகள் ஆகியவற்றைக் காகிதத்தில் வாசிப்பதற்கும் நேரில் காண்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. சாட்சி பேச மறுத்த இடத்தை நீதிபதிகள் தாமே சென்று கண்டமை, உண்மை தேடலில் நீதிமன்றம் வெறும் பார்வையாளராக இருக்கவேண்டியதில்லை என்பதைக் காட்டிற்று.

7. உடுமலை வழக்குடன் ஓர் ஒப்பீடு

கொங்குப் பகுதியிலேயே நிகழ்ந்த மற்றொரு வழக்கு, சான்றின் எல்லையை உணர்த்துகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையப் பகுதியில் சங்கர் என்னும் பட்டியல் சாதி இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கௌசல்யா காயமுற்றார். அத்தாக்குதலும் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. கௌசல்யா பிறழவில்லை, தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சியம் அளித்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உள்ளிட்ட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை எனக் கூறித் தந்தையை விடுதலை செய்தது. ஏனைய ஐவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

இரு வழக்குகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒன்றில் சாட்சி விலகியும் சங்கிலி நின்றது. மற்றொன்றில் சாட்சி உறுதியாக நின்றும் சதி என்னும் ஒரு கண்ணி அறுந்தது. கேமரா தாக்கியவரைக் காட்டும், தூண்டியவரைக் காட்டாது. மூடிய அறையில் நடக்கும் பேச்சுக்கு மனிதரே சாட்சியாக வேண்டும். ஆதலால் மின்னணுச் சான்று வளர்ந்துவிட்டது என்பதால் சாட்சியின் தேவை குறைந்துவிட்டது எனக் கொள்ளுதல் பிழை.

8. பிறழ்வும் பாதுகாப்பும்

பொய்ச்சான்று அளிப்போரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆணையுறுதியின்பேரில் அளித்த இரு கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கும்போது நீதிமன்றம் வாளாவிருக்க இயலாது என்பதும் ஏற்கத்தக்கதே. எனினும் சாதியை மீறிய நட்பைக் காரணமாகக் கொண்டு ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், அந்நட்பின் மறுபாதியாக இருந்தவரே சாட்சி என்பதை எண்ணவேண்டும். கொலைக்குக் காரணமாகிய அதே சாதியக் கட்டு, அவர் வாழும் வீட்டையும் தெருவையும் சூழ்ந்து நிற்கிறது. ஆண்டுகள் பல கழித்து அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி உறுதியை எதிர்பார்க்கும் அரசு, இடைப்பட்ட காலத்தில் அவருக்கு எத்தகைய பாதுகாப்பை அளித்தது என்னும் வினாவும் எழுகிறது.

இவ்வழக்கின் குற்றம் நிகழ்ந்த 2015 ஜூனில் இதற்கான சட்ட ஏற்பாடுகள் மிகக் குறைவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளைக் கூறும் பிரிவு 15அ, 2016 ஜனவரி 26 முதலே நடைமுறைக்கு வந்தது. மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடெங்கும் செயற்படுத்த உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2018 டிசம்பர் 5 அன்று. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 398, ஒவ்வொரு மாநிலமும் இத்திட்டத்தை வகுத்து அறிவிக்கவேண்டும் என்கிறது. அதன் பிரிவு 183, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவுசெய்தே ஆகவேண்டும் என விதிக்கிறது. சாதி முதலிய காரணங்களால் ஐவரோ மேற்பட்டோரோ கூடிச் செய்யும் கொலையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103(2) தனியே குறிப்பிடுகிறது.

ஏற்பாடுகள் பெருகியுள்ளன, எனினும் நடுவர் முன் அளிக்கும் வாக்குமூலத்தைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்குவது சாட்சி மாறுவதைக் கண்டறிய உதவுமேயன்றி, மாறாமல் காக்க உதவாது. காப்பதற்கு வேண்டுவன, வாக்குமூலத்துக்கும் விசாரணைக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைத்தல், சாட்சியின் இருப்பிடம், கல்வி, பிழைப்பு ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்றல், அச்சுறுத்தல் உள்ள இடத்திலிருந்து விசாரணையைத் தொடக்கத்திலேயே மாற்றுதல் ஆகியன. மதுரைக்கு வழக்கு மாற்றப்பட்டது, நாமக்கல்லில் விசாரணை தொடங்கிய பின்னரே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. நீதிமன்றத்துக்கு வெளியே அளிக்கப்படும் கூற்றைக் கொண்டு மட்டும் தண்டிக்கலாகாது என்னும் விதி, எதிரியின் உரிமையைக் காப்பது. கோகுல்ராஜ் வழக்கில் அவ்விதியைத் தளர்த்தாமலேயே நீதி எட்டப்பட்டது. பிறழ்சாட்சியம் வழக்கை அழிப்பதில்லை. ஆனால் அதன் முழுச் சுமையையும் சூழ்நிலைச் சான்றின்மேல் ஏற்றுகிறது. அச்சுமையைத் தாங்குவது, புலனாய்வின் முதல் நாட்களில் மருத்துவச் சான்றும் மின்னணுப் பதிவும் எவ்வளவு கவனத்துடன் பெறப்பட்டன என்பதைப் பொறுத்தது.

சாட்சி விலகிய பின்னும் தீர்ப்பு நிலைத்தது என்பதை நீதித்துறையின் வெற்றியாகக் கொள்ளலாம். ஆயினும் கோயிலில் ஒரு கேமரா இல்லாதிருந்தால் இவ்வழக்கு என்னவாகியிருக்கும் என்னும் வினா எஞ்சுகிறது. கேமராக்கள் இல்லாத ஊர்களிலும் வயல்வெளிகளிலும் நிகழும் இத்தகைய குற்றங்களுக்கு மனிதரே கரி. அவர்கள் அச்சமின்றிப் பேசுவதற்கான சூழலை உருவாக்குவது, பிறழ்ந்தபின் தண்டிப்பதற்கு முற்பட்ட கடமையாகும்.